இன்ஜின் வேலை முடிந்த ஒன்பதாம் நாள்: ஒரு கூலன்ட் கசிவின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

எங்கள் பட்டறைக்கு வந்தபோது அந்தக் கார் 1,70,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். ஒரு நெடும்பயணத்தில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருக்கிறது. வெப்ப முள் சிவப்பைத் தொட்ட பிறகும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அதற்கு முன்பே எண்ணெய் குடித்துக்கொண்டிருந்த இன்ஜின் என்பதால், ஹெட்டை மட்டும் கழற்றி மாட்டுவதில் பயனில்லை என்று உரிமையாளரிடம் சொல்லி முழு இன்ஜின் வேலையாக எடுத்துக்கொண்டோம்.

பட்டறையில் நாங்கள் மூன்று பேர். நான், எனக்கு வேலை கற்றுத்தந்த, இப்போது வாரத்தில் பாதி நாள் மட்டும் வரும் அண்ணன், இரண்டு வருடமாக எங்களோடு இருக்கும் ஒரு தம்பி.

சிலிண்டர்களை 0.5 மி.மீ. பெரிதாக்கிப் புது பிஸ்டன், ரிங் போட்டோம். பேரிங்குகள் எல்லாம் புதிது. பிளாக்கை ரசாயனத் தொட்டியில் ஊறவைத்துக் கழுவியதால், அதன் வார்ப்புத் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகளான வெல்ச் பிளக்குகளையும் எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தோம்: பக்கவாட்டில் 3, கியர்பாக்ஸ் பக்கம் ஃபிளைவீலுக்குப் பின்னால் 1. பின்னால் இருப்பதைத் தம்பி அடித்தான். வாட்டர் பம்ப், சூட்டைப் பொறுத்துக் கூலன்ட் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட் மூன்றும் புதிது.

ஹெட்டில் கூடுதல் கவனம் எடுத்தோம். சூட்டில் கோணியிருந்த ஹெட்டை மட்டம் பிடித்து வாங்கி, ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பார்த்தோம், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் எங்கேயும் நுழையவில்லை. கேஸ்கெட் பல அடுக்கு எஃகுத் தகடு வகை. பழைய நார்க் கேஸ்கெட் பொறுத்துக்கொள்ளும் சொரசொரப்பை இது பொறுக்காது. ஹெட் போல்ட்டுகள் முறுக்கும்போது நீளும் வகை என்பதால் பழையதைத் தூக்கிப்போட்டுப் புதியவை போட்டு, நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகும் வரிசையில், முதலில் முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் கணக்கிலும் பிறகு எத்தனை டிகிரி திருப்புவது என்ற கோணக் கணக்கிலும் இறுக்கினோம். அதற்கு முன் ஒவ்வொரு போல்ட் துளையையும் காற்றடித்துக் காயவைத்தோம். அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ நின்றால் போல்ட் கீழே உட்காராமலே டார்க் காட்டிவிடும். பிளாக் விரிசல் விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுதுவது பெருமைக்காக இல்லை. பெரிய வேலைகளில் நாங்கள் அவசரப்படவில்லை. அவசரப்பட்டது கடைசி நாளில்.

இந்த இன்ஜினில் ஒரு இரும்புக் குழாய் உண்டு. ஒரு முனையில் இருக்கும் வாட்டர் பம்ப்பிலிருந்து கிளம்பி, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் பிளாக்கை ஒட்டியே ஓடி, கியர்பாக்ஸ் பக்கம் ஹீட்டர் ஹோஸில் சேரும். பம்ப் பக்கம் ஹோஸ் கிடையாது, கிளிப்பும் கிடையாது. குழாயின் நுனியில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாட்டி அப்படியே பம்ப்பின் வாய்க்குள் தள்ளவேண்டியதுதான். குழாய் நகராமல் இருக்க நடுவில் ஒரு தாங்கி, அதற்கு ஒரே ஒரு போல்ட். கடைசி நாள் சாயங்காலம் அந்தக் குழாயை மாட்டியது நான். ஓ-ரிங் வழுக்கிக்கொண்டு உள்ளே போகட்டும் என்று, கையில் இருந்த இன்ஜின் ஆயிலையே ஒரு விரல் தொட்டுத் தடவினேன்.

எல்லாம் மாட்டி முடித்தபோது தட்டில் ஒரு போல்ட் மிச்சம் இருந்தது. 10-ஆம் நம்பர் ஸ்பேனருக்கு வரும் சின்ன போல்ட். "அண்ணே, இது எங்க வருது?" என்று தம்பி கேட்டான். "பழைய வயர் கிளாம்ப் ஏதாவது இருக்கும், டப்பாவுல போடு" என்றேன்.

## முதல் ஓட்டமும் முதல் வாரமும்

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி. மொத்தம் சுமார் 6 லிட்டர் பிடித்தது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றினோம். ஃபேன் இரண்டு முறை போட்டு நின்றது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டும் சூடு. ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. கூலன்ட் வழியில் அழுத்தம் ஏற்றி ஒழுகல் பார்க்கும் பிரஷர் டெஸ்டர் சுவரில்தான் தொங்கியது. அதை எடுத்து மாட்ட யாருக்கும் தோன்றவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டோம்.

நான்காம் நாள் உரிமையாளர் கூப்பிட்டார். ரிசர்வ் டாங்கில் அளவு கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டது, என்ன செய்யட்டும் என்றார். இன்ஜின் வேலை முடிந்த முதல் சில நாட்களில் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி அளவு இறங்குவது வழக்கம். அதனால், "மேல் கோடு வரைக்கும் ஊத்திட்டு ஓட்டுங்க சார், மறுபடி இறங்கினா சொல்லுங்க" என்றேன். எவ்வளவு ஊற்றினார், எதை ஊற்றினார் என்று நான் கேட்கவில்லை. அவர் ஊற்றியது வெறும் தண்ணீர்.

ஒன்பதாம் நாள் மறுபடி அழைப்பு. இதற்குள் மூன்று முறை ஊற்றியிருக்கிறார், கூட்டிப்பார்த்தால் ஒன்றரை லிட்டரை ஒட்டி. காலையில் வண்டியை எடுத்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஈரம், பச்சை நிறம், லேசான இனிப்பு வாசனை. இனி ஓட்டவேண்டாம் என்று சொல்லி, வண்டியை இழுத்துவந்தோம். அந்த ஈரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடச் சொன்னேன். எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாய் பூனை நக்கினால் உயிருக்கு ஆபத்து.

## வந்தபோது பார்த்தவை

வண்டி ஓடிய தூரம் 380 கி.மீ. இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் முதல் வேலையாக ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். ரிசர்வ் டாங்கில் கீழ்க் கோட்டுக்கு மேலேயே கூலன்ட் நின்றது; ரேடியேட்டரிலோ எட்டிப் பார்த்தும் மட்டம் தெரியவில்லை. இது எங்களுக்கு முதல் தகவல். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, டாங்கிலிருந்து கூலன்டை ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சவேண்டும். வழியில் எங்காவது ஓட்டை இருந்தால் அது கூலன்டுக்குப் பதில் காற்றை இழுத்துக்கொள்ளும். டாங்கைப் பார்த்து நிம்மதியாக ஓட்டுகிறவரின் ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும். உரிமையாளருக்கு வெப்ப முள் ஒருமுறை கூட ஏறாதது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும்.

கீழே படுத்துப் பார்த்தால், பெல் ஹவுசிங்கின் அடியில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், ஒரு பச்சைச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்தால் கால் மணி நேரத்தில் இன்னொன்று.

அந்த இடத்தில் சொட்டு என்றால் மூன்று பேர் வாயிலும் ஒரே சொல்: பின் வெல்ச் பிளக். தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. அண்ணன், "கியர்பாக்ஸை இறக்குங்கப்பா, வேற வழியில்ல" என்றார். கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் மூன்றையும் எடுத்தால்தான் அந்த பிளக்கைக் கண்ணால் பார்க்கமுடியும். ஒரு முழு நாள் வேலை. பிளக் சரியாக இருந்தால் அதையெல்லாம் திரும்ப மாட்ட இன்னொரு நாள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. தம்பிக்காகப் பரிந்து பேசவில்லை. சொட்டு விழுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறாக இருக்கலாம் என்பதுதான் காரணம். கூலன்ட் இரும்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும். மேலே எங்கோ கசிந்து, பிளாக்கின் முதுகில் இறங்கி, இன்ஜினில் மிகத் தாழ்ந்த விளிம்பில் வந்து சொட்டும். பெல் ஹவுசிங் அடி அந்தத் தாழ்ந்த விளிம்பு.

## முதல் அழுத்தச் சோதனை

இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டரை நிரப்பி, மூடி இருக்கும் இடத்தில் பிரஷர் டெஸ்டரை மாட்டினோம். இந்த வண்டியின் மூடியில் 1.1 பார் அழுத்தம் என்று அடித்திருந்தது. நாங்கள் 1.0 பார் வரை பம்ப் செய்தோம். மூடியின் எண்ணுக்கு மேலே போனால் இல்லாத ஒழுகலை நாமே உண்டாக்கிவிடுவோம்.

பத்து நிமிடத்தில் முள் 0.85-க்கு இறங்கியது. சத்தமில்லை, பீச்சியடிக்கவில்லை. டார்ச் அடித்து, ஒவ்வொரு இணைப்பாகக் கையால் தடவிக்கொண்டே போனதில், தெர்மோஸ்டாட் கூட்டின் கீழ் விளிம்பில் விரல் நனைந்தது. கழற்றியதும் காரணம் தெரிந்தது. பழைய அலுமினியக் கூடு. ரேடியேட்டர் ஹோஸ் பக்கமாக மிக லேசாக வளைந்திருந்தது. வளைவை மறைக்க யாரோ சிலிக்கான் பசையை அப்பியிருக்கிறார்கள். அந்த யாரோ எங்களில் ஒருவர்தான். பசை இரண்டு பக்கமும் பிதுங்கி, உள்ளே பிதுங்கியது புழு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அது அறுந்துபோய்த் தெர்மோஸ்டாட்டுக்குள் மாட்டியிருந்தால் கதை வேறு.

கண்ணாடிப் பலகையில் எமரி தாளை ஒட்டி, அதன்மேல் கூட்டைத் தேய்த்து மட்டமாக்கினோம். புது கேஸ்கெட் மட்டும், பசை இல்லை. மாட்டி மறுபடி 1.0 பார்.

பதினைந்து நிமிடத்தில் 0.93.

ஒழுகல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இந்த முறை எங்கேயும் விரல் நனையவில்லை. டெஸ்டரே ஒழுகுகிறதோ என்ற சந்தேகத்தில் அதன் ரப்பரைத் துடைத்து, ரேடியேட்டர் இல்லாமல் அடைப்பு மூடியில் மாட்டி 1.0 ஏற்றிப் பார்த்தோம்; முள் அசையவில்லை. வண்டியின் மூடியையும் தனியாகச் சோதித்தோம், அதுவும் சரி. ஆக, இன்னொரு ஒழுகல் இருக்கிறது, அது கண்ணுக்குப் படவில்லை.

முதல் ஒழுகல் கிடைத்தவுடன் வண்டியை ஒப்படைத்திருப்பதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. கண்ணால் பார்த்தோம், காரணம் புரிந்தது, சரிசெய்தோம். திரும்ப அழுத்தம் ஏற்றாமல் விட்டிருந்தால் இரண்டாவது தெரிந்திருக்காது.

## நிராகரித்த யோசனைகள்

அன்று மதியம் மூன்று யோசனைகள் வந்தன.

ஹெட் போல்ட்டை இன்னொரு சுற்று இறுக்கிவிடலாம் என்றார் அண்ணன். அவர் வேலை கற்ற காலத்து இன்ஜின்களில் அது சரியான பழக்கம். சூடாகி ஆறிய பிறகு மறு இறுக்கம் கட்டாயம் கொடுப்பார்கள். கோணக் கணக்கில் நீளும் போல்ட்டில் அப்படிச் செய்தால், ஏற்கெனவே எல்லைக்கு இழுபட்ட போல்ட்டை மேலும் இழுக்கிறோம். பிடி கூடாது, குறையலாம், அறுந்தும் போகலாம். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, உன் இஷ்டம்" என்றார்.

உரிமையாளர் கையோடு ஒரு ஒழுகல் அடைப்பான் பாட்டில் கொண்டுவந்திருந்தார். ரேடியேட்டரில் ஊற்றினால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டவனுக்கு வீடு சேர அது உதவலாம். ஆனால் அது ஓட்டைக்கும் குறுகலான வழிக்கும் வித்தியாசம் பார்க்காது. ஹீட்டரின் மெல்லிய குழாய்களிலும் ரேடியேட்டரிலும் படியும். இப்போதுதான் கழுவி எடுத்த பிளாக்கில் அதை ஊற்ற மனம் வரவில்லை. அவரிடம் காரணத்தைச் சொன்னேன். பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது யோசனை என்னுடையது, அதுதான் தவறு. புது வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சிறு கசிவுத் துளையைச் சுற்றிக் காய்ந்த பச்சைக் கறை தெரிந்தது. உள் சீல் போனால் கூலன்ட் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வரும். கறையைப் பார்த்ததும் பிடித்துவிட்டேன் என்று நினைத்து, பெல்ட் உறையைக் கழற்றி, அரை நாளை அதில் போட்டேன். துளை காய்ந்தே இருந்தது. அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் பார்த்தும் ஈரம் இல்லை. புது பம்ப்பின் சீல் படியும்வரை முதல் சில மணி நேரத்தில் லேசாகக் கசிவது உண்டு. அந்தப் பழைய கறைதான் அது. எதிரில் கறை, கையில் ஸ்பேனர். யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

## உள்ளே ஒழுகுகிறதா?

அழுத்தம் இறங்குகிறது, வெளியே ஈரம் தெரியவில்லை என்றால் எல்லோருக்கும் வரும் பயம் ஹெட் கேஸ்கெட். இன்ஜின் வேலை செய்த பிறகு அந்தப் பயம் இரட்டிப்பு. அதை ஊகத்தில் விடாமல் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம்.

முதலில் எரிந்த வாயுச் சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழலை வைத்து, கூலன்டுக்கு மேலே இருக்கும் காற்றை ஒரு நீல திரவத்தின் வழியாக இழுக்கவேண்டும். சிலிண்டரிலிருந்து புகை கூலன்டுக்குள் வந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீலத்தை மஞ்சளாக்கும். இன்ஜினைச் சூடாக்கி ஓடவிட்டுச் செய்தோம். நீலம் நீலமாகவே இருந்தது.

அன்று இரவு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, 1.0 பார் ஏற்றி, அப்படியே விட்டுவிட்டுப் போனோம். காலையில் பிளக் துளைகளுக்கு மேல் வெள்ளைத் துணியைப் போட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். எந்தச் சிலிண்டரிலாவது கூலன்ட் இறங்கியிருந்தால் துணியில் தெளித்திருக்கும். துணி காய்ந்தே இருந்தது.

மூன்றாவது, எண்ணெய். டிப் ஸ்டிக்கில் பால் நிறம் இல்லை என்பதை மட்டும் நம்பக்கூடாது. ஓடாமல் நின்ற வண்டியில் கூலன்ட் எண்ணெயோடு கலக்காமல் அடியில் போய்த் தங்கும், அது எண்ணெயைவிடக் கனம். அதனால் இரவு முழுக்க நின்ற வண்டியின் எண்ணெய் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தி, முதலில் வரும் சில சொட்டுகளைக் கண்ணாடி மூடியில் பிடித்தோம். சுத்தமான எண்ணெய். கூலன்ட் எண்ணெயில் கலந்து ஓடினால் பேரிங்குகள் சீக்கிரம் போய்விடும் என்பதால், இந்த நான்கு சொட்டைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதற்கு நடுவில் இன்னொன்றும் கவனித்தோம். இன்ஜினை ஃபேன் போடும்வரை ஓட்டி, கையுறையும் துணியும் வைத்து அழுத்தத்தை மெதுவாக வெளியேற்றிய பின் டெஸ்டரை மாட்டி, சூட்டிலேயே 1.0 ஏற்றினால் முள் இருபது நிமிடம் அசையவில்லை. ஆறினால் இறங்குகிறது. ரப்பர் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். சூட்டில் விரிந்து அடைத்துக்கொண்டு, குளிர்ந்தால் சுருங்கி வழிவிடும் ஏதோ ஒரு ரப்பர் இணைப்பு என்று சந்தேகம் அந்தப் பக்கம் திரும்பியது. அப்படியானால் கூலன்ட் போகும் நேரம் இரண்டு: காலையில் கிளப்பிய முதல் சில நிமிடங்கள், சாயங்காலம் நிறுத்தியபின் ஆறிக்கொண்டிருக்கும், அழுத்தம் இன்னும் மிச்சமிருக்கும் நேரம். உரிமையாளர் ஈரத்தைப் பார்த்தது காலையில் என்பதும் இதோடு பொருந்தியது.

## கண்டுபிடித்தது

கூலன்டில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, 30 கி.மீ. ஓட்டிவந்து, ராத்திரி நிறுத்திவைத்தோம். விடிவதற்கு முன் தம்பி வந்துவிட்டான். புற ஊதா டார்ச் ஒரு கையில், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடி ஒரு கையில். இன்டேக் மேனிஃபோல்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி. அதற்குள் கண்ணாடியை விட்டுத் திருப்பியவன், "அண்ணே, இங்க பாருங்க" என்றான்.

இரும்புக் குழாயின் அடிவயிறு முழுக்க ஒரு மஞ்சள் கோடு ஒளிர்ந்தது. பம்ப் வாயில் தொடங்கி, குழாயை விட்டுப் பிரியாமல், குழாயின் சரிவோடு கியர்பாக்ஸ் பக்கம் வரை. கோட்டின் கடைசியில் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்சம் யோசிப்பது போல் தொங்கி, பெல் ஹவுசிங் மேல் விழுந்தது. முதல் நாள் கீழே படுத்துப் பார்த்த சொட்டு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பம்ப் வாயும் தாங்கியும் மேனிஃபோல்டின் நிழலில் இருப்பதால் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் எந்த டார்ச்சும் அங்கே எட்டாது.

மேனிஃபோல்டைக் கழற்றினோம். குழாயைத் தொட்டதும் ஆடியது. தாங்கியின் துளை காலி. தம்பி ஒன்றும் சொல்லாமல் போய், டப்பாவிலிருந்து அந்த 10-ஆம் நம்பர் போல்ட்டை எடுத்துவந்து துளையில் வைத்தான். கையாலேயே முழுக்க உள்ளே போனது.

குழாயை உருவி ஓ-ரிங்கைப் பார்த்தோம். புது ரிங்கோடு சேர்த்து வைத்தால் இது தடித்து, மெத்தென்று, குழாயின் காடிக்குள், அதாவது அது உட்காரும் பள்ளத்துக்குள், உட்காராமல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நகக்கண் அளவுக்கு வெட்டு. காடியைத் துடைத்து விரல் நகத்தால் சுரண்டியபோது துருக்குழிகள் தட்டுப்பட்டன. கட்டும்போது பழைய குழாயைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தோம். குழிகள் பெயின்டுக்கு அடியில் மறைந்துவிட்டன.

தடித்ததற்குக் காரணம் நான் தடவிய எண்ணெய். கூலன்ட் பக்கம் வரும் ஓ-ரிங்குகள் பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பர். சுடுதண்ணீருக்கும் கிளைகாலுக்கும் அருமையாகத் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் பட்டால் ஊறி உப்பி வலுவிழக்கும். இதை எனக்கே நிரூபித்துக்கொள்ள, அதே பாக்கெட்டிலிருந்து இரண்டு ரிங்கை எடுத்து, ஒன்றை இன்ஜின் ஆயிலிலும் ஒன்றைக் கூலன்டிலும் மூன்று நாள் போட்டுவைத்தேன். கூலன்டில் கிடந்தது போட்ட மாதிரியே இருந்தது. எண்ணெயில் கிடந்தது காடியில் உட்காரவில்லை.

துருக்குழி, எண்ணெயில் உப்பிய ரிங், ஆடும் குழாய் என்று மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. என் கணிப்பில் குற்றவாளி ஆடும் குழாய்தான். போல்ட் இருந்திருந்தால் குழிகளோடும் அந்த ரிங் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்திருக்கும். இன்ஜின் அதிர்வில் குழாய் முன்னும் பின்னும் நகர்ந்ததில், மெத்தென்றான ரிங் பம்ப் வாயின் விளிம்பில் அறுபட்டிருக்கிறது.

## செய்த வேலை

குழாயைப் புதிதாக வாங்கிப் போட்டோம். குழியை நிரப்பி வழித்துப் பழையதையே போடலாமா என்று அண்ணன் கேட்டார். மேனிஃபோல்டைக் கழற்றாமல் எட்டமுடியாத இடத்தில் அந்தச் சோதனை வேண்டாம் என்றேன். பம்ப்பின் வாய் அலுமினியம் என்பதால் எமரி போடாமல் நைலான் தேய்ப்பானால் சுத்தம் செய்தோம். வாயின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று சுண்டுவிரலைச் சுற்றிப் பார்த்தோம், இல்லை. புது ரிங்கைக் கூலன்டில் முக்கி எடுத்து, முறுக்கு விழாமல் காடியில் உட்காரவைத்து, குழாயை நேராகத் தள்ளினோம். ரிங் உள்ளே போகும்போது கையில் ஒரு மெல்லிய தடையும் பிறகு ஒரு வழுக்கலும் தெரியவேண்டும், தெரிந்தது. தாங்கி போல்ட்டை முதலில் தளர்வாகக் கோத்து, குழாய் தானாக நேர்ப்பட்ட பிறகு இறுக்கினோம். அந்தப் போல்ட்டை இறுக்கியது தம்பி.

மேனிஃபோல்டுக்குப் புது கேஸ்கெட். மாட்டுவதற்கு முன்பே, குழாய் கண்ணுக்குத் தெரியும் நிலையிலேயே ஒருமுறை அழுத்தம் ஏற்றிப் பார்த்துவிட்டோம்.

பழைய கூலன்டை முழுக்க வடித்தோம். உரிமையாளர் வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்ததில் பாதிக்குப் பாதி இருந்த கலவை நாற்பது சதவீதத்துக்குச் சற்றுக் கீழே போயிருந்தது. உறைநிலை ஒருபுறம் இருக்கட்டும், துருவைத் தடுக்கும் சரக்கும் அதே அளவுக்கு நீர்த்துப்போகும். புதிதாகக் கழுவிய வார்ப்பிரும்பு பிளாக்குக்கு அது நல்லதில்லை. சாயமும் அதோடு போயிற்று. புதிதாகக் கலந்து ஊற்றி, வண்டியின் மூக்கை உயர்த்தி நிறுத்திக் காற்றை எடுத்தோம்.

## பின் நடந்தது

ஆறிய இன்ஜினில் 1.0 பார் ஏற்றி அரை மணி நேரம் வைத்தோம், முள் நகரவில்லை. மறுநாள் விடியற்காலையிலும் அப்படியே. இரண்டாவது சோதனையை வேண்டுமென்றே குளிர்ந்த நேரத்தில் வைத்தோம், முன்பு ஒழுகிய நேரம் அதுதான் என்பதால்.

ரிசர்வ் டாங்கில் ஒரு டேப் ஒட்டிக் கோடு போட்டுக் கொடுத்தோம். காலையில் கிளப்புவதற்கு முன் மட்டும் பார்க்கவும், வாரம் ஒருமுறை ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்க்கவும், ஊற்றவேண்டியிருந்தால் நாங்கள் கலந்து கொடுத்த பாட்டிலிலிருந்து ஊற்றி அளவை எழுதிவைக்கவும் சொன்னோம். முதல் வாரம் 50 மில்லி இறங்கியது. அது காற்று வெளியேறியது. அதன்பிறகு கோடு கோடாகவே நின்றது. 1,000 கி.மீ.-இல் எண்ணெய் மாற்ற வந்தபோது பெல் ஹவுசிங்கின் அடி காய்ந்து தூசி பிடித்திருந்தது. வடித்த எண்ணெய் சுத்தம்.

மொத்தத்தில் வண்டி எங்களிடம் இரண்டாம் முறை நின்றது ஆறு நாள். அதில் அரை நாள் என் பம்ப் யோசனைக்குப் போனது. கியர்பாக்ஸை இறக்கவில்லை.

## மாற்றிக்கொண்டவை

பிரஷர் டெஸ்டர் இப்போது கடைசி நாள் வேலையில் சேர்ந்துவிட்டது. கூலன்ட் ஊற்றுவதற்கு முன்பே காற்றை மட்டும் 1 பார் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறோம். மேனிஃபோல்டு போன்ற மறைக்கும் பாகங்களை மாட்டுவதற்கு முன்னால் ஒருமுறை, எல்லாம் முடிந்து ஆறிய பின் ஒருமுறை. இதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் தெர்மோஸ்டாட் கூடும் குழாயும் இரண்டும் வண்டி வெளியே போகும் முன்பே அகப்பட்டிருக்கும்.

ஓ-ரிங் எந்தத் திரவத்தில் வேலை செய்யப்போகிறதோ அதையே தடவுகிறோம். கூலன்ட் பக்கம் கூலன்ட், எண்ணெய்ப் பக்கம் எண்ணெய். ஏதாவது வழுவழுப்பு வேண்டும் என்றால் சிலிக்கான் கிரீஸ். எண்ணெய்க் கேனும் கூலன்ட் கேனும் ஒரே மேசையில் இருக்கிற அவசரத்தில் கை எதையும் எடுத்துவிடும் என்பதால், கூலன்ட் பாகங்களை மாட்டும் நாளில் மேசையிலிருந்து எண்ணெயை எடுத்துவிடுகிறோம்.

போல்ட்டுகளைப் பாகம்வாரியாகத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எங்கிருந்து வந்தது என்று எழுதிவைக்கிறோம். பிரிக்கும்போது தம்பி போனில் படம் எடுக்கிறான். தட்டில் ஒன்று மிஞ்சினால் அதன் இடம் தெரியும்வரை சாவியைத் திருப்புவதில்லை. இதுவரை இரண்டு முறை மிஞ்சியது. ஒரு முறை உண்மையிலேயே பழைய வயர் கிளாம்ப் போல்ட். இன்னொரு முறை ஆல்டர்னேட்டர் தாங்கியின் கீழ் போல்ட்.

தொலைபேசியில் யாராவது கூலன்ட் இறங்குகிறது என்றால், இப்போது முதல் கேள்வி: எவ்வளவு ஊற்றினீர்கள், எதை ஊற்றினீர்கள், ஈரம் பார்த்தது காலையிலா, ஓட்டிவிட்டு வந்தபிறகா?